பழைய ஜிப்ஸியின் அடியில் சத்தம்: கிரவுனைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 1999 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பெரும்பாலும் கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஓடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அடியிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது. ஃபோர் வீல் போட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னால் ‘டக் டக் டக்’ என்று கேட்கிறது. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் போச்சு, செட்டோட மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். கிரவுன் பினியன் என்பது ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்ட்டின் சுழற்சியை வீல்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி; கிரவுன் பெரியது, பினியன் சிறியது. அது கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரியவில்லை. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். பின் ஆக்சிலைப் பிரித்துச் செலவு செய்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் பணமும் போகும், வண்டி மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும். ஜிப்ஸி மாதிரி இரும்புச் சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் சத்தம் சேசிஸ் வழியாக ஓடி வேறெங்கோ போய்க் கேட்கும். முன் ஹப்பில், அதாவது முன் வீலின் நடுக்குடத்தில், பிறந்த இரைச்சல் பின் சீட்டுக்கு அடியில் கேட்பது சாதாரணம். அதனால் காது காட்டும் இடத்தை உடனே நம்பிவிடாதீர்கள். எந்த வேகத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்ப்போம். இன்ஜின், கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் ஒரு குட்டை ஷாஃப்ட், அப்புறம் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பல ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியே இருக்கும். ஜிப்ஸியில் அது மூன்று ரப்பர் மவுண்ட்டில் தனியாகத் தொங்குகிறது. அதிலிருந்து முன் ஆக்சிலுக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சிலுக்கு ஒன்று. ஆக மொத்தம் மூன்று ஷாஃப்ட், அவற்றின் முனைகளில் கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் ஆறு யூனிவர்சல் ஜாயின்ட். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டூ வீல் ஹையில், அதாவது பின் வீல்கள் மட்டும் இழுக்கும் சாதாரண நிலையில், ஓடும்போதுகூட ஜிப்ஸி கிங்கின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சக்தி நேராகப் போவதில்லை, 1.409-க்கு 1 என்று பல்சக்கரம் வழியாகக் குறைந்துதான் போகிறது. அதனால் மெல்லிய ஒரு ‘ஊங்’ சத்தம் இந்த வண்டியின் பிறவிக் குணம். புதிதாக வந்தபோதும் அது இருந்தது. வேகத்தோடு சீராக ஏறி இறங்கும் அந்த முனகலை யாரும் நிறுத்த முடியாது. நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

சரி, ஊளையில் தொடங்குவோம். முதல் சந்தேகம் டயர் மேல். மட் டெரைன் டயரோ, ஓரம் ஒருபக்கமாகத் தேய்ந்த டயரோ போட்டிருந்தால் 50-க்கு மேல் அது போடும் சத்தம் டிஃபரன்ஷியல் ஊளையைப் போலவே இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். கரடுமுரடான பழைய தாரிலிருந்து வழுவழுப்பான புதுத் தாருக்கு வண்டி ஏறும்போது சத்தத்தின் சாயல் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் டயர். பேரிங்கும் பல்சக்கரமும் சாலையைப் பார்த்துச் சத்தத்தை மாற்றிக்கொள்வதில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லை.

அடுத்து வீல் பேரிங். ஆளில்லாத அகலமான சாலையில் 50-ல் போய்க்கொண்டே ஸ்டீயரிங்கை மெதுவாக வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது வீல்கள் மேல் விழும். அப்போது சத்தம் கூடினால் இடது பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. இதை உறுதி செய்ய ஒரு நல்ல வழி உண்டு. அந்த வீலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை லீஃப் ஸ்பிரிங் மேல், ஆக்சிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு எதுவுமே தெரியாது. கெட்ட பேரிங் என்றால் மணலை அரைப்பது போன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு ஏறும். காதுக்குக் கேட்காத கட்டத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும். முன் வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பிளே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த வயது வண்டியில் முன் ஹப் பேரிங்கைப் பிரித்துக் கழுவி, புது கிரீஸ் வைத்து, சரியான இறுக்கத்தில் நட்டு போட்டாலே சில சமயம் பாதிச் சத்தம் அடங்கும்.

டயரும் பேரிங்கும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பல்சக்கரங்களுக்கு வர வேண்டும். இதற்கு உங்கள் ஊர் மலைப்பாதை நல்ல சோதனைக்கூடம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 40-ல் ஏறுங்கள். அதே மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல், அதே 40-ல் இறங்குங்கள். ஏறும்போது பல்லின் ஒரு முகத்தில் பாரம் விழும், இறங்கும்போது மறுமுகத்தில். கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் சத்தம் இந்த இரண்டுக்கும் இடையே பளிச்சென்று மாறும். ஏறும்போது ஊளையிட்டு இறங்கும்போது வாயை மூடும், அல்லது நேர்மாறாக. இரண்டிலும் ஒரே மாதிரி இரைச்சல் என்றால் சந்தேகம் பேரிங் பக்கம் சாய்கிறது. ஊளை 50-க்கு மேல்தான் வருகிறது என்பதால், சமவெளியில் அந்த வேகத்திலும் மிதித்தும் விட்டும் கேட்டுப் பாருங்கள். நியூட்ரலில் உருளவிட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் அதை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, காலியான சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். இறக்கத்தில் ஒருபோதும் நியூட்ரல் வேண்டாம்.

கியர்பாக்ஸை விலக்குவதற்கு நிறைய நேரம் ஆகாது. ஒரே வேகத்தில் மூன்றாவதிலும் நாலாவதிலும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் பிறப்பது. ஜிப்ஸி கிங்கின் ஐந்து கியரில் நாலாவதுதான் நேரடி கியர், அதில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டான கவுண்டர் ஷாஃப்ட் சுற்றினாலும் அதன் மேல் பாரம் இருக்காது. நாலாவதில் மட்டும் சத்தம் அடங்கி மற்ற கியர்களில் கேட்டால் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். நின்ற இடத்தில் நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது, பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு வீலுக்கும் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியரை நாலாவதில் போட்டு, கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, ஆனால் குட்டை ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்சக்கரங்களும் சுற்றும். மெதுவாக ரேஸ் செய்து கேளுங்கள். பாரம் இல்லாததால் தேய்ந்த பல்லின் ஊளை இதில் வராமல் போகலாம், ஆனால் பேரிங் இரைச்சலும் குட்டை ஷாஃப்ட்டின் அதிர்வும் தெளிவாகத் தெரியும். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, அதனால்தான் கட்டையை வலியுறுத்துகிறேன். ஷாஃப்ட் சுற்றும்போது யாரும் அடியில் போகக் கூடாது. அதே போல் ஒரு ஆக்சிலை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஃபோர் வீலில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. தரையில் இருக்கும் வீல்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துப் போட்டுவிடும்.

முன் வீலை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் லாக் முன் ஹப்பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டுங்கள். ஊளை காணாமல் போனால் பின் ஆக்சிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, முன் டிஃபரன்ஷியலோ முன் ஷாஃப்ட்டோதான் காரணம். ஹப் லாக் இல்லாத வண்டியில் டூ வீலில் போகும்போதும் முன் ஷாஃப்ட், முன் கிரவுன் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டின் சத்தம் என்றால் நின்றுவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் உங்கள் ஃபோனே உதவும். சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. 205/70 ஆர் 15 டயர் போட்ட ஜிப்ஸி கிங் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வீல் நொடிக்குச் சுமார் 8 சுற்று சுற்றும். ஆக்சில் விகிதம் 3.909 என்பதால் பின் ஷாஃப்ட் சுமார் 32 சுற்று. டிரான்ஸ்ஃபர் விகிதத்தையும் பெருக்கினால் குட்டை ஷாஃப்ட் சுமார் 45 சுற்று. கிரவுனில் 43 பல், பினியனில் 11 பல், ஆகவே பற்கள் உரசும் சத்தம் 350 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். 60-ல் சீராகப் போகும்போது பக்கத்தில் ஒருவரை ஃபோனோடு உட்கார வையுங்கள். 350 பக்கம் கூரான ஒரு முகடு எழுந்தால் கிரவுன் பினியன் பற்கள் மேல் சந்தேகம் வலுக்கும். 32 என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ், 64 என்றால் அதன் யூனிவர்சல் ஜாயின்ட், ஏனென்றால் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும். 45 அல்லது 90 என்றால் குட்டை ஷாஃப்ட். ஆனால் நாலாவது கியரில் இன்ஜினும் இதே 45-ல்தான் சுற்றும், ஆகவே ஐந்தாவதுக்கு மாற்றியும் அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீலின் 8 ஹெர்ட்ஸை ஃபோன் சரியாகப் பிடிக்காது, அதை ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் உணரலாம். டயர் அளவு வேறென்றால் கணக்கும் மாறும்.

இனி அந்த ‘டொக்’. என்னைக் கேட்டால் கிரவுனை விட டிரான்ஸ்ஃபர் மவுண்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ரப்பர் கிழிந்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுவதும் புரண்டு மோதும். வண்டியை ஓட்டிக்கொண்டே டிரான்ஸ்ஃபர் லீவரைக் கவனியுங்கள். காலை எடுத்து மிதிக்கும்போது லீவர் முன்னும் பின்னும் துள்ளினால் மவுண்ட் போயிருக்கிறது. கிழிந்த மவுண்ட் குட்டை ஷாஃப்ட்டின் கோணத்தையும் கெடுக்கும், அதனால் அதிர்வும் ஊளையும்கூடச் சேர்ந்து வரலாம். மூன்று மவுண்ட்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் சீக்கிரம் விட்டுவிடும். அப்படியே ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். தளர்ந்த யூ போல்ட்டில் ஆக்சிலே கொஞ்சம் நகர்ந்து இதே மாதிரி ‘டொக்’ போடும்.

அப்புறம் யூனிவர்சல் ஜாயின்ட். மெதுவாகப் போகும்போது தாளத்தோடு ‘கீச் கீச்’ என்று கேட்டு, வேகம் கூடினால் மறைந்தால் அது காய்ந்துபோன ஜாயின்ட். ஜாயின்ட்டின் நாலு முனையையும் மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி ரோலர்கள் துருப்பிடித்து அரைபடுகின்றன என்று அர்த்தம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்து நாலு கப்பிலிருந்தும் வெளியே பிதுங்குகிறதா என்று பாருங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று வறண்டு கிடக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றி ஜாயின்ட்டைக் கையில் மடக்கிப் பார்த்தால் நல்லது வழுக்கிக்கொண்டு போகும். கெட்டது நடுவில் ஒரு இடத்தில் ‘டக்’கென்று உட்காரும். கப்பைக் கழற்றி, ஜாயின்ட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவ கிராஸின் முனையைத் துடைத்து, விரல் நகத்தால் குறுக்கே தடவுங்கள். ரோலர்கள் பதிந்த கோடுகளில் நகம் மாட்டினால் அந்த கிராஸ் முடிந்தது. வண்டியில் மாட்டியபடி கையால் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தேய்மானமும் இந்தக் கோடுகளில் தெரியும்.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் போல்ட் போட்டு இணையும் இரண்டு தட்டுகளிலும் (ஃப்ளாஞ்ச்), நீளவாக்குப் பற்களில் வழுக்கும் ஸ்ப்ளைன் இணைப்பிலும் குறி போடுங்கள். ஒரு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புது ஜாயின்ட் போட்ட பிறகும் அதிர்வு போகாது. முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலை நீட்டி வண்டியை உயர்த்தியிருந்தால் ஷாஃப்ட்டின் கோணமே மாறியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சத்தம், ஃபோர் வீலில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வரும் ‘டக் டக்’. இது தாரில் வருகிறதா, மண்ணில் வருகிறதா? தாரில் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் வீல்கள் பின் வீல்களை விட அதிகத் தூரம் போயாக வேண்டும். ஈர மண்ணில் வீல் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும், வண்டி உதறும், லீவர் திரும்ப வராது. கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடும். இது கோளாறு இல்லை, ஆனால் இப்படியே ஓட்டினால் கோளாறாகும்.

மண்ணிலும் அதே ‘டக் டக்’ என்றால், முன் ஆக்சில் முனையில் உருண்டைக் கூட்டுக்குள் இருக்கும், வீல் திரும்பியிருக்கும்போதும் அதைச் சீராகச் சுழற்றும் சி.வி. ஜாயின்ட்டின் குண்டுகளும் பள்ளங்களும் தேய்ந்திருக்கின்றன. வெளியே அந்த உருண்டையின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் மெல்லிசாகப் பூசியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் மாதிரி நீர்த்துச் சொட்டினால் ஆக்சிலின் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. அப்போது சி.வி. ஜாயின்ட் மட்டும் மாற்றினால் போதாது, சீலையும் மாற்ற வேண்டும். முன் டிஃபரன்ஷியலில் ஆயில் அளவும் குறைந்திருக்கும், அதுவே ஊளைக்கும் காரணமாகலாம்.

ஆயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டிஃபரன்ஷியலிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், துளையின் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல். 5 வகை (ஜி.எல். என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு) 80 டபிள்யூ 90 ஆயில். அதையே கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள், அங்கே ஜி.எல். 4. பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இந்த வயதில் சாதாரணம். செதிலோ துணுக்கோ பளபளத்தால் அந்த ஆயில் இருந்த பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எல்லா அறிகுறியும் பின் டிஃபரன்ஷியலையே காட்டினால், பட்டறைக்காரர் சொன்னது சரி. அப்போதும் ஒன்று கேளுங்கள்: சமீபத்தில் பினியன் சீல் மாற்றினார்களா? சீல் மாற்றும்போது பினியன் நட்டைக் கண்டபடி இறுக்கினால் பேரிங் மேல் பாரம் கூடி ஊளை தொடங்கும். பினியன் ஃப்ளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் பிளே இருக்கலாம், மேலும் கீழும் இருக்கவே கூடாது. ஆடினால் தேய்ந்தது பினியன் பேரிங். பற்கள் நன்றாக இருந்தால் அவற்றைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. ஆக்சில் ராடுகளை இழுத்துவிட்டால் டிஃபரன்ஷியல் முழுதாக முன்பக்கம் கழன்று மேஜைக்கு வந்துவிடும், பல்லைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம். மாற்றினால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மார்க்கிங் நீலம் தடவி, பல்லின் நடுவில் தடம் விழுகிறதா என்று பார்த்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான சிம் வைக்கும் பொறுமை உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். அந்த வேலை தவறினால் புது செட்டும் முதல் நாளே ஊளையிடும்.

பழைய சாமான் கடையில் முழு டிஃபரன்ஷியல் கிடைக்கிறதே என்று வாங்கினால் விகிதத்தைக் கவனியுங்கள். பழைய 970 சிசி ஜிப்ஸியில் 4.111, உங்கள் கிங்கில் 3.909. செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் யாராவது ஏற்கெனவே ஒரு ஆக்சிலில் மாற்றிப் போட்டிருக்கலாம், ‘டக் டக்’குக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு பின் வீலை மட்டும் தூக்கி, மற்ற மூன்றுக்கும் கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபரை டூ வீலிலும் கியரை நியூட்ரலிலும் விடுங்கள். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வீலை 20 முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 39 வந்தால் 3.909, 41 வந்தால் 4.111. ஹப் லாக் இருந்தால் அதைப் பூட்டிவிட்டு முன் ஆக்சிலிலும் இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வருகிறது என்று பார்க்கும்வரை, மண்ணில்கூட ஃபோர் வீல் லீவரைத் தொட வேண்டாம்.